வேலூர் வெயிலில் ஃபைட்டர் மீன்: தொட்டியின் அளவும் துணை உயிர்களும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு, சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் கூடத்தில் இருந்த மூன்று லிட்டர் கண்ணாடிக் குடுவைக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். அது 35 டிகிரி காட்டியது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அதே குடுவையில் 29 டிகிரி. அந்தக் குடுவையில் இருந்த நீலநிற ஃபைட்டர் மீன் துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, மூக்கு மட்டும் நீர்மட்டத்தைத் தொடும்படி சாய்ந்து நின்றது. தீனியைப் போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: "இது சின்ன இடத்திலேயே இருக்கும், காற்றுக் குழாய் கூட வேண்டாம்." அந்தப் பேச்சை நம்பியதால் அந்த மீனை நான் இழந்தேன். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரிலேயே இந்த மீனை வளர்த்துக் கற்றுக்கொண்டதை, புதிதாக வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

குடுவை ஏன் போதாது

ஃபைட்டர், பீட்டா, சண்டை மீன் என்று பலவாறு அழைக்கப்படும் இம்மீனின் சொந்த நாடு தாய்லாந்து. 1910-ஆம் ஆண்டு சார்லஸ் டேட் ரீகன் என்னும் மீனியலாளர் இதற்கு பீட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே இது நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் மெதுவாக ஓடும் வாய்க்கால்களிலும் வாழ்கிறது. வயலில் தண்ணீர் கணுக்கால் ஆழம்தானே நிற்கிறது, ஆகவே இதற்குச் சிறு குடுவை போதும் என்று வாதிடுவோர் உண்டு. நம் பக்கத்து ஏரிப் பாசன வயல் ஒன்றின் வரப்பில் நின்று பார்த்தாலே இந்த வாதத்தின் குறை விளங்கும்: தண்ணீர் ஆழமற்றுத்தான் நிற்கிறது, ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரந்து நிற்கிறது. செடிகளின் நிழலும் அடியில் சேறும் சேர்ந்து அதன் சூட்டைத் தணிக்கின்றன. மீனுக்குப் பிடிக்காத ஓர் இடத்திலிருந்து நகர்ந்து செல்ல அங்கே வழி உண்டு.

இம்மீன் குடுவையிலும் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்னும் மடிப்பு மடிப்பான உறுப்பு ஒன்று இதற்கு இருப்பதால், நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்க முடிகிறது. நம் ஊர்க் குளங்களில் கிடைக்கும் பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் ஊர்ந்து போவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்கும் இதே வகை உறுப்புதான் உதவுகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் ஃபைட்டர் தாக்குப்பிடிப்பதைப் பார்த்து, அதற்குத் தண்ணீரின் தரமே பொருட்டில்லை என்று நாம் தவறாக முடிவு செய்துவிடுகிறோம். ஆக்சிஜன் குறைவை மட்டுமே அது சமாளிக்கும். அதன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவும், பகலுக்கும் இரவுக்கும் இடையே ஆறு டிகிரி ஏறி இறங்கும் சூடும் மற்ற மீன்களை வருத்துவது போலவே இதையும் வருத்தும். இம்மீனுக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 28 டிகிரி. 30 வரை பொறுத்துக்கொள்ளும். நன்றாக வளர்த்தால் மூன்று ஆண்டு, சில நேரம் அதற்கு மேலும் வாழும். குடுவையில் இருக்கும் மீன் அதில் பாதிக் காலம் கூடக் காண்பதில்லை.

நீரின் அளவு கூடக்கூட அது சூடாவதற்கும் குளிர்வதற்கும் அதிக நேரம் எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும் முதல் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். குளிர்ந்த ஊரில் இருப்பவர் பத்து லிட்டரில் சமாளிக்கலாம். நம் ஊரில், அதுவும் மேல் தளத்தில் குடியிருப்பவர் அந்த அளவில் இறங்குவது மீனுக்கு ஆபத்து.

லிட்டர் கணக்கு

நம் ஊர்க் கடைகளில் தொட்டியை அடியிலும் அங்குலத்திலும் சொல்கிறார்களே தவிர லிட்டரில் சொல்வதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து, பெருக்கி, 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். கணக்கிடும்போது உயரத்தில் இரண்டு அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். ஃபைட்டர் மீன் தாவிக் குதிக்கும் என்பதாலும், மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே அது சுவாசிக்க ஈரக் காற்று நிற்க வேண்டும் என்பதாலும் அந்த இடைவெளி கட்டாயம்.

ஒரு அடித் தொட்டி என்று விற்கப்படுவது பெரும்பாலும் 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரம் கொண்டது. முழுதும் நிரப்பினால் 12 லிட்டருக்குச் சற்று மேல். இடைவெளி விட்டு நிரப்பினால் ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல். கூழாங்கல்லும் செடியும் போட்ட பிறகு எட்டு லிட்டர் கூடத் தேறாது. ஒன்றரை அடித் தொட்டி 18-க்கு 10-க்கு 12 அங்குலம் என்றால், இடைவெளி போக 29 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு அடித் தொட்டி 24-க்கு 12-க்கு 12 என்றால் 47 லிட்டர் நிற்கும். அதே நீள அகலத்தில் 15 அங்குல உயரம் வாங்கினால் 61 லிட்டர்.

தனியாக ஒரே ஒரு ஃபைட்டரை வளர்ப்பதற்கு உண்மையான நீர் 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே ஒன்றரை அடித் தொட்டியே இந்த ஊருக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்க அளவு. ஒரு நத்தையை மட்டும் அதனுடன் சேர்ப்பதாக இருந்தாலும் அதே அளவு போதும். கூட்டமாக வாழும் சிறு மீன்களைச் சேர்க்க நினைத்தால் இரண்டு அடிக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். அடிமட்டத்தில் மேயும் மீன்களும் நடுமட்டத்தில் நீந்தும் மீன்களும் ஒருசேர வேண்டும் என்றால் 60 லிட்டர் தேவை.

உயரத்தைவிட நீளத்துக்கு முதலிடம் கொடுங்கள். ஃபைட்டர் மீன் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வர வேண்டியிருக்கிறது. ஹாஃப் மூன், க்ரவுன் டெயில் போன்ற நீண்ட வால் வகைகள் அந்த வாலின் சுமையையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். தூண் போல உயர்ந்து நிற்கும் அலங்காரத் தொட்டியில் அவை சில மாதங்களிலேயே சோர்ந்துபோய் அடியில் படுத்துக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நீரின் ஆழம் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் இருந்தால் போதும். பிளக்காட் எனப்படும் குட்டை வால் வகை சுறுசுறுப்பாக நீந்தும்; அதற்கு ஆழம் பெரிய தடையில்லை, ஆனால் குணத்தில் மற்றவற்றைவிடச் சற்று முரடு என்பதைத் துணை சேர்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. இரண்டு அடித் தொட்டி, கண்ணாடியும் கல்லும் சேர்ந்து அறுபது கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், தொலைக்காட்சி வைக்கும் மெல்லிய பலகை அதைத் தாங்காது. இரும்புச் சட்டத்தாலான தாங்கியை நம்புங்கள், தொட்டியின் அடியில் தெர்மாகோல் பலகை ஒன்றைப் போடுங்கள்.

வெயிலும் தண்ணீரும்

தொட்டியை எங்கே வைக்கிறோம் என்பது அதன் அளவுக்கு இணையான முக்கியத்துவம் கொண்டது. மேற்குச் சுவரையும் சன்னல் வெயிலையும் தவிர்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் மேலும் இன்வெர்ட்டரின் அருகிலும் வைக்கக் கூடாது. சமையலறை அறவே கூடாது, ஏனென்றால் தாளிப்புப் புகையிலிருந்து எண்ணெய்ப் படலம் நீர்மட்டத்தில் படியும், இந்த மீன் மூச்சுவிட வருவதும் அந்த இடத்துக்குத்தான். கொசுவிரட்டித் திரவம், கொசுவர்த்திச் சுருள், பூச்சி மருந்துத் தெளிப்பான் ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்துவதால், இவற்றைப் பயன்படுத்தும் அறையில் தொட்டியே இருக்கக் கூடாது.

கோடையில் தண்ணீரின் சூட்டைத் தணிக்க எளிய வழி, மூடியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வலை போட்டு, ஒரு சிறு மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் சாய்வாக ஓடவிடுவது. நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்வதால் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கும். பனிக்கட்டியைப் போடுவது தவறு; ஒரு மணி நேரத்தில் சட்டென்று இறங்கி மறுபடி ஏறும் சூடு, தொடர்ந்து 31 டிகிரியில் நிற்பதைவிடக் கெடுதல் செய்யும். விசிறி வைத்த தொட்டியில் தினமும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயம் வேலூர்க்காரர்களுக்குத் தனிப் பாடம். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு உப்புதான் நம் நிலத்தடி நீரின் கடினத்தன்மை. பழைய வட ஆற்காட்டில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த இடங்களும் உண்டு. அத்தகைய இடத்துப் போர் தண்ணீரை மீனுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அதுவே நல்லது. குளோரின் போக ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் காற்றுக் கல் ஓடவிட்டு வைக்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை இட வேண்டும். போர் தண்ணீரை விட்டால் வேறு வழி இல்லாதவர்கள் அதனுடன் சரிபாதி ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம். கேன் தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றினால் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் இல்லாமல் போவதோடு, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் நிலையாக நிற்காது. வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் மீன் தொட்டிக்கு ஊற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் செறிந்திருப்பது அந்த நீரில்தான், அது தொட்டிக்கு ஆகாது.

கடின நீரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நீரின் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும்போது பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பி.எச். 8-ஐ எட்டினால் நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். வெப்பம் 25-லிருந்து 30-க்கு ஏறினால் அதற்கு மேல் இன்னும் 40 சதவீதம் அளவுக்குக் கூடும். காரத்தன்மை கொண்ட போர் தண்ணீரும் மே மாத வெயிலும் சேரும் நம் ஊரில், சிறு தொட்டி இவ்வளவு விரைவாக மீனைக் கொல்வது இதனால்தான். இதைத் தடுப்பவை தொட்டியில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள்: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் அவை மாற்றுகின்றன. ஏர் பம்பின் காற்றால் இயங்கி, பஞ்சின் வழியே தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே தொட்டியை முதலில் வாங்கி, மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, அன்றாடம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வாருங்கள். பரிசோதனைச் சொட்டுகளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே மீனை வாங்குங்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் பழைய ஸ்பாஞ்சைத் தந்தால் இந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும். ஸ்பாஞ்ச் ஃபில்டரையே நான் சொல்வதற்குக் காரணம், அதன் நீரோட்டம் மென்மையானது. வேகமான மோட்டார் ஃபில்டர் நீண்ட வாலை இழுத்துக் கிழிக்கும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் வரும் என்பதால், முந்தைய இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்து, காலையில் மாற்றுவது பாதுகாப்பு. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் தொட்டி நீரை 24 டிகிரிக்குக் கீழே இறக்கும்; லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஒரு சிறு ஹீட்டர் அந்த இரண்டு மாதங்களுக்குத் தேவைப்படும்.

தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் இலை இந்த மீனுக்கு உகந்தது. பழுத்துச் சிவந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலையை, சாலைத் தூசு படியாத இடத்திலிருந்து எடுத்து, நன்கு கழுவி, இருபது லிட்டருக்கு ஒன்று என்று போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் அமைதியடையும், நீரில் தளர்ந்த இலையின் மேல் அது படுத்து ஓய்வெடுப்பதையும் காணலாம். நோய்க்கு மருந்தாக இதை எண்ண வேண்டாம்; கடின நீரின் பி.எச். இதனால் குறிப்பிடத்தக்க அளவு இறங்காது.

துணைக்கு யாரைச் சேர்க்கலாம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆண் ஃபைட்டர் தன் எல்லையைத் தனியாகக் காத்து வாழும் இயல்பு கொண்டது, தனிமை அதற்குத் துன்பம் தராது. "பாவம், ஒண்டியா இருக்கே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால். அந்த அன்புக்காக இன்னொரு ஃபைட்டரை வாங்கி விடக் கூடாது. இரண்டு ஆண் மீன்கள் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்று சாகும் வரை சண்டை நடக்கலாம். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து இரண்டையும் காட்சிக்கு வைத்தால், நாள் முழுவதும் செவுளை விரித்து மிரட்டியே இரண்டும் மெலிந்துவிடும். ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது இனப்பெருக்க நேரத்தில் மட்டும், அதுவும் கண்காணிப்போடு. பெண் மீன்களைக் கூட்டமாக வளர்க்கும் முறை ஒன்று உண்டு என்றாலும், அதற்குப் பெரிய தொட்டியும் அடர்ந்த செடியும் நீண்ட அனுபவமும் வேண்டும், அப்படியும் பல நேரம் தோற்கிறது. தொடக்கக்காரர்கள் அதில் இறங்க வேண்டாம்.

துணை உயிர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஊரின் கோடையை மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும்; 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஃபைட்டர் மேலே வந்து காற்றை விழுங்கித் தப்பித்துக்கொள்ளும், ஆனால் அதனுடன் இருக்கும் டெட்ரா போன்ற சிறு கூட்ட மீன்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே துணை மீன் இருக்கும் தொட்டியில் ஏர் பம்ப் நிற்கவே கூடாது. மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கடையில் அழகாக மின்னும் நியான் டெட்ரா 25 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீரை விரும்புவது. அதை வேலூரில் ஃபைட்டருடன் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை.

முதல் துணையாக நான் சொல்வது நத்தை. நெரைட் நத்தை கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும், நன்னீரில் குஞ்சு பொரித்துப் பெருகாது, நம் கடின நீர் அதன் ஓட்டை உறுதியாக்கும். மற்ற மீன்களுக்குக் குறையாக இருக்கும் நம் ஊர்த் தண்ணீர் நத்தைக்கு நன்மையாக அமைகிறது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டைகளை ஒட்டிவைக்கும் என்பது மட்டும்தான் அதன் குறை. மிஸ்டரி நத்தை என்னும் பெரிய மஞ்சள் நத்தையின் உணர்கொம்புகள் நீளமானவை. என் தொட்டியில் சிவப்பு ஃபைட்டர் ஒன்று அந்தக் கொம்பு மெல்ல நீண்டு அசைவதைத் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது; பிறகு புழு என்று எண்ணியதோ என்னவோ, ஒரே தாவலில் கொத்தியது. நத்தை சட்டென்று ஓட்டுக்குள் சுருங்கியது, மறுநாள் அதன் ஒரு கொம்பு பாதியாக இருந்தது. கொம்பு மீண்டும் வளரும் என்றாலும், இந்தக் கொத்தல் தொடர்ந்தால் நத்தையை வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

அடிமட்டத்தில் மேயும் மீன்களில் கோரிடோரஸ் சிறந்தது, அதிலும் ஸ்டெர்பாய் என்னும் புள்ளி வகை 28 டிகிரி வரை நன்றாகத் தாங்கும். பாண்டா கோரிடோரஸ் குளிர்ந்த நீரை விரும்புவதால் நமக்கு ஒத்துவராது. கோரிடோரஸ் அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். குடல் வழியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு என்பதால், கோடை நாளில் டெட்ராவைவிட இது உறுதியாக நிற்கும். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள், ஒன்றிரண்டாக விட்டால் ஒளிந்துகொண்டே வாழும். கூரான கல் அதன் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும், ஆகவே அடியில் மென்மணல் வேண்டும். பாம்பு போல நெளியும் கூலி லோச்சும் வெப்பத்தைத் தாங்குவதே. பகலில் பதுங்கி இரவில் வெளிவருவதால் ஃபைட்டரின் கண்ணில் அதிகம் படாது. ஆனால் அது மென்னீர் மீன், ஆர்.ஓ. கலக்காத போர் தண்ணீரில் விடக் கூடாது.

நடுமட்டத்துக்கு எம்பர் டெட்ரா எட்டு அல்லது பத்து, அல்லது ஹார்லெக்வின் ரஸ்போரா ஆறு அல்லது எட்டு. இரண்டில் ஒரு வகை போதும். இவை சிறியவை, அமைதியானவை, பெரிய வால் இல்லாதவை. கூட்டம் போதுமான அளவு இருந்தால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டு ஃபைட்டரை விட்டுவிடும்.

செர்ரி இறாலைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஜாவா பாசி அடர்ந்திருந்தால் பெரிய இறால்கள் பிழைக்கும், குஞ்சுகள் பெரும்பாலும் இரையாகும். 30 டிகிரிக்கு மேல் அவை தளர்ந்துவிடும் என்பதையும், செம்பு கலந்த மீன் மருந்து அவற்றைக் கொன்றுவிடும் என்பதையும் அறிந்து வாங்குங்கள்.

சேர்க்கக் கூடாதவை எவை என்பதை அறிவது இன்னும் முக்கியம். ஆண் கப்பியின் விரிந்த வண்ண வாலைப் பார்த்து ஃபைட்டர் அதை இன்னொரு ஃபைட்டராகவே எண்ணித் தாக்கும். நம் ஊரில் மிக எளிதாகக் கிடைப்பது கப்பி என்பதால் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. கௌராமி இதன் நெருங்கிய உறவு. எல்லைச் சண்டை நிச்சயம். டைகர் பார்பும் செர்பே டெட்ராவும் துடுப்பைக் கொறிக்கும் குணம் உள்ளவை. ஹாஃப் மூனின் வாலை ஒரே வாரத்தில் கந்தலாக்கிவிடும். ஏஞ்சலும் மற்ற சிக்லிட் வகைகளும் வளர்ந்த பிறகு ஃபைட்டரைத் துரத்தும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் மிக அதிகம். பாசி தின்னும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் விரலளவில் வாங்கும்போது அழகாக இருக்கும், வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். இரண்டு அடித் தொட்டியில் அதற்குத் திரும்பவே இடம் இருக்காது.

சேர்க்கும் முறை

துணை மீன்களை முதலில் விட்டு, அவை தொட்டிக்குப் பழகிய பிறகு ஃபைட்டரைக் கடைசியாக விட வேண்டும். எல்லையை வகுத்துக்கொண்ட பிறகு வருபவரையே அது விரட்டும் என்பதால் இந்த வரிசை முக்கியம். ஏற்கெனவே ஃபைட்டர் இருக்கும் தொட்டி என்றால், செடிகளையும் கட்டைகளையும் இடம் மாற்றி அமைத்துவிட்டு, மாலையில் விளக்கை அணைத்த பிறகு புதியவற்றை விடுங்கள். கடையிலிருந்து வந்த எந்த மீனையும் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ இரண்டு வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் அந்தக் காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும். நீண்ட பார்வையை மறைக்கும்படி ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற செடிகளை ஆங்காங்கே கட்டைகளில் கட்டி வையுங்கள். துரத்தப்படும் மீன் ஒரு திருப்பத்தில் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் ஃபைட்டர் அதை அத்துடன் மறந்துவிடும்.

முதல் மூன்று நாள் நன்றாகக் கவனியுங்கள். புதியவர்களைப் பார்த்துச் செவுளை ஓரிரு முறை விரிப்பதும் சிறிது தூரம் விரட்டுவதும் இயல்பு. நாள் முழுவதும் விரட்டிக்கொண்டே இருந்தாலோ, துணை மீன்கள் மூலையில் ஒடுங்கி உண்ணாமல் இருந்தாலோ, ஃபைட்டரின் துடுப்பு ஓரத்தில் கிழிசல் தெரிந்தாலோ, அதன் உடலில் படுக்கைக் கோடுகள் தோன்றினாலோ, அன்றே பிரித்துவிட வேண்டும். ஒரே இனத்திலேயே குணம் மீனுக்கு மீன் மாறும். என் நீல ஹாஃப் மூன் எட்டு எம்பர் டெட்ராக்களோடு இரண்டு ஆண்டு அமைதியாக வாழ்ந்தது. அதே தொட்டியில் அதன் பின் வந்த பிளக்காட் ஒரே இரவில் இரண்டைக் கொன்றது. ஆகவே துணை சேர்க்கும் யாரும், ஃபைட்டரைத் தனியாக மாற்றிவைக்க இன்னொரு ஒன்றரை அடித் தொட்டியும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தீனி போடுவதிலும் ஒழுங்கு தேவை. ஃபைட்டர் ஊன் உண்ணும் மீன். சிறு உருண்டைத் தீனி காலையில் மூன்று, மாலையில் மூன்று என்ற அளவே போதும். துணை மீன்களுக்குப் போடுவதையும் சேர்த்து விழுங்கி வயிறு உப்பிப்போவதுதான் கூட்டுத் தொட்டியில் அதற்கு அடிக்கடி நேரும் தொல்லை. முதலில் ஒரு மூலையில் ஃபைட்டருக்குப் போட்டு, அது உண்ணும்போதே மறு மூலையில் டெட்ராக்களுக்குத் தூவுங்கள். கோரிடோரஸுக்கு மூழ்கும் தீனியை விளக்கணைத்த பிறகு இடுங்கள். வாரம் ஒருநாள் தீனியே போடாமல் விடலாம்.

ஒத்துப்போகாத மீனை என்ன செய்வது என்ற கேள்வி கடைசியில் எல்லாருக்கும் வரும். வாங்கிய கடையில் பலர் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்; மீன் வளர்க்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். கோட்டை அகழியிலோ ஏரியிலோ மோர்தானா அணையிலோ கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. தொட்டியில் வளர்ந்த மீன்களில் பல அங்கே பிழைக்காது. பிழைக்கும் சக்கர் மீன் போன்றவை தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலைகளைத் தன் முள்துடுப்பால் கிழித்து, நம் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் ஏற்கெனவே பறித்துக்கொண்டிருக்கின்றன.